அம்மா கொதிக்குதுன்னு சொன்னா

மிளகோட அம்மா ஒரே வார்த்தைய மூணு பேர்கிட்ட சொன்னா. மூணு பேரும் அத அவங்கவங்க சவுகரியத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. மொத ஆளு டாக்டர். கடைசி ஆளு, வேலை செய்ற எடத்துல தலைக்கு மேல நிக்கிறவ. நடுவுல ஒரு ஆளு உண்டு, அது பெத்த பொண்ணு. மொத ஆளையும் கடைசி ஆளையும் நாக்கு தேயற வரைக்கும் திட்டலாம். திட்டியும் ஆச்சு. நடு ஆள என்ன பண்றது? அதுதான் மிளகுக்கு இன்னும் தெரியல.

மிளகுங்கறது அம்மா வெச்ச செல்லப் பேரு. சின்னதா, கருப்பா இருக்கும், கடிச்சா சுர்ருன்னு ஏறும். பதினாறு வயசாகியும் பேரும் மாறல, குணமும் மாறல. அப்பா போய்ச் சேந்து ஆறு வருஷம். வீட்ல இவளும் அம்மாவும்தான்.

அம்மாவுக்கு ஒரு சீக்கு உண்டு. யாருமே இல்லாத எடத்துல யாரோ பேசுறது காதுல கேக்கும். நாலு வருஷத்துக்கு முன்னாடி அது முத்திப் போயி, ஆஸ்பத்திரில சேத்து, மாத்திரை குடுத்து, சரியாச்சு. சரியாச்சுன்னா ஏதோ பேருக்கு இல்ல, நெஜமாவே சரியாச்சு. வேலைக்குப் போனா, சமைச்சா, மிளகோட கணக்கு டீச்சர் மாதிரி மூக்கால பேசிக்காட்டி வயிறு வலிக்க சிரிக்க வெச்சா. "இந்த மாத்திரை இருக்கே, வாய மூடிக்கிட்டு வேலை செய்யுது. உன்ன மாதிரி இல்ல"ம்பா.

மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஆஸ்பத்திரி மாடில இருக்கற டாக்டரப் பாக்கணும். அவருக்கு அம்மா வெச்ச பேரு பேனா டாக்டர். நாம உள்ள போறதுலேருந்து வெளிய வர்ற வரைக்கும் அவரு கண்ணு பேனாவ விட்டு மேல வராது. "அவரு என் மூஞ்சியப் பாத்ததே இல்லடி. ஒரு நாளைக்கு எனக்குப் பதிலா நீ போய் உக்காரு, வித்தியாசமே தெரியாது."

இந்த வருஷம் அம்மாவுக்குத் தூக்கம் கொஞ்சம் கெட்டுச்சு. பேனா டாக்டர் மாத்திரைய ஏத்தினாரு. ஏத்தினதும் கை நடுங்க ஆரம்பிச்சுச்சு. டம்ளரத் தூக்கினா பாதி தண்ணி வாய்க்கு, பாதி தரைக்கு. நடுக்கத்துக்குன்னு இன்னொரு மாத்திரை குடுத்தாரு, வெள்ளையா, சட்டைப் பொத்தான்ல பாதி இருக்கும். அதப் போட்டதும் நடுக்கம் நின்னுச்சு. கூடவே இன்னொண்ணும் நின்னுச்சு. வேர்வை.

வெயில் மண்டையப் பொளக்குற மாசம். பஸ்ல அத்தன பேரும் ஆத்துல விழுந்து எந்திரிச்சவங்க மாதிரி நிக்க, அம்மா மட்டும் இப்பத்தான் பெட்டியப் பிரிச்சு எடுத்த பொம்மை மாதிரி நிப்பா. "பாத்தியா, எனக்கு ஏசிய உள்ளயே மாட்டிவிட்டிருக்காங்க"ன்னு பெருமையடிச்சா. மிளகும் சேந்து சிரிச்சா. துவைக்கிற துணி கொறஞ்சுதேன்னு சந்தோஷம் வேற. சிரிக்காம என்ன பண்ணுவாங்க? யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா? மருந்துக் கடைல அட்டையக் கத்தரிச்சு, சின்னக் காகிதக் கவர்ல போட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டுட்டு"ன்னாங்க. அவ்ளோதான். மாத்திரையோட வர்ற மடிச்ச காகிதம் பெட்டியோட கடைலயே தங்கிருச்சு. பவுடர் டப்பா மேலகூட எதுக்கு நல்லது எதுக்கு ஆகாதுன்னு எழுதியிருக்கு. ஒரு மனுஷியோட மூளைக்குள்ள போற மாத்திரைக்கு ஒரு வெத்துக் கவரு!

அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்குப் போனப்ப மிளகும் கூடப் போனா. பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா.

"எப்படி இருக்கு?"ன்னாரு பேனா டாக்டர்.

"நடுக்கம் இல்லீங்க. ஆனா எனக்குக் கொதிக்குதுங்க."

பேனா நின்னுச்சு. கண்ணு மட்டும் மேல வரல. "யார் மேல?"

அம்மா முழிச்சா. "யார் மேலன்னா?"

"வீட்ல யார் மேலயாவது? வேலை எடத்துல?"

"மேல இல்லீங்க, உள்ள. எல்லாம் உள்ளுக்குள்ள கொதிக்குது."

"ம்ம். உள்ளுக்குள்ள." எழுதிக்கிட்டாரு. "அடக்கி வெச்சா அப்படித்தாம்மா இருக்கும். கொஞ்சம் ஏத்தித் தரேன், சாந்தமாயிடும்."

அம்மா இன்னொரு தடவ வாயத் தொறக்கறதுக்குள்ள அடுத்த ஆளோட பேரக் கூப்பிட்டுட்டாங்க. வெளிய வந்ததும் மிளகு என்ன சொன்னா தெரியுமா? "யார் மேல, யார் மேலன்னு அத்தன தடவ கேட்டாரே, பேசாம என் மேலன்னு சொல்லியிருக்கலாம்ல." அம்மா சிரிச்சா. சிரிச்சுட்டு, படிக்கட்டுல ஒரு நிமிஷம் உக்காந்துட்டு எந்திரிச்சா. அத மிளகு பாத்தா. பாத்துட்டு, சீக்கிரம் வான்னா.

அதுலேருந்து ரெண்டு வாரம். அன்னிக்குக் காலைல மிளகு குளிச்சுட்டு வந்தா, அம்மா ஃப்ரிட்ஜத் தொறந்து வெச்சு அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டிருந்தா. கைல தண்ணி பாட்டில். அத அப்படியே தலைல கவுத்துக்கிட்டா. தண்ணி தோள்ல வழிஞ்சு, மேசைல தெறிச்சு, அங்க விரிச்சு வெச்சிருந்த மிளகோட அறிவியல் நோட்டு மேல ஊத்துச்சு. ஒரு மாசம் உக்காந்து ஸ்கெட்ச் பென்ல வரைஞ்ச படமெல்லாம் அவ கண்ணு முன்னாடியே கரைஞ்சு ஓடுச்சு. அன்னிக்குத்தான் நோட்ட டீச்சர்கிட்ட குடுக்கணும்.

"என்னம்மா பண்ற நீ? லூசா?"

அந்த வார்த்தைய அந்த வீட்ல யாரும் சொல்ல மாட்டாங்க. விளையாட்டுக்குக்கூட. மிளகு வாய்லேருந்து அது விழுந்துருச்சு.

அம்மா பாட்டிலக் கீழ வெச்சா. "எனக்குக் கொதிக்குதுடி."

"எனக்குந்தான் கொதிக்குது! இந்த வீட்ல யாருக்குத்தான் கொதிக்கல!"

கதவப் படார்னு சாத்திட்டு, நனைஞ்ச நோட்டப் பைல திணிச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டா. பஸ்ல போறப்பகூட மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் போனா. நோட்டுக்காக.

மத்தியானம் ரெண்டாவது பீரியட்ல பியூன் வந்து கூப்பிட்டாரு. ஆபீஸ் போன்ல மடிப்பு அக்கா. அம்மாவோட ஒண்ணா வேலை செய்றவ, துணி மடிக்கிற பிரிவு. "மிளகு, பயப்படாத. உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். கண்டபடி பேசுறா. என்னையே யாருன்னு கேக்குறா. பழைய சீக்கு திரும்பிருச்சு போலடி."

பழைய சீக்கு. மிளகு போன வெச்சுட்டு ஓடினா. லூசான்னு கேட்டோமே, கேட்டதுல திரும்பி வந்துருச்சோன்னு நெனச்சா. சத்தியமா அப்படித்தான் நெனச்சா.

அவசரப் பிரிவுல கட்டில் எல்லாம் நெறஞ்சு, அம்மாவ சுவரோரமா தள்ளுவண்டிலயே போட்டிருந்தாங்க. கைய ரெண்டு பக்கமும் துணியால கட்டியிருந்தாங்க. நெத்தில ஈரத்துணி. கண்ணு தொறந்திருக்கு, ஆனா அதுக்குள்ள அம்மா இல்ல. "ஷீட்டப் பிடி, ஷீட்டப் பிடி, உருளைல மாட்டுது"ன்னு இல்லாத ஷீட்ட விரலால இழுத்துக்கிட்டே இருந்தா.

மடிப்பு அக்கா அழுதுக்கிட்டே நடந்ததச் சொன்னா. அதச் சொல்றதுக்கு முன்னாடி அந்த எடத்தப் பத்திச் சொல்லணும். ஹோட்டல், விடுதி, கல்யாண மண்டபம், எல்லா எடத்துலேருந்தும் வர்ற விரிப்பு வெளுக்குற பெரிய சலவைக்கூடம் அது. அம்மா உருளை மெஷின்ல வேலை. ரெண்டு ஆள் நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை, உள்ள பூரா நீராவி. இந்தப் பக்கம் ரெண்டு பேரு நின்னு ஈர விரிப்ப ஆளுக்கொரு முனையப் பிடிச்சு ஊட்டணும், அந்தப் பக்கம் அது மொடமொடன்னு காகிதம் மாதிரி வரும். அங்க நின்னா அனல் மூஞ்சியத் துடைச்சுவிடும்.

நடுநடுவுல பத்து நிமிஷம் ஃபேன் இருக்கற ரூம்ல போய் உக்காரலாம், தண்ணி குடிக்கலாம். ஆனா யாரு, எப்பப் போலாம்னு முடிவு பண்றது சூப்பர்வைசரம்மா. அவ அதுக்குக் கடிகாரம் பாக்க மாட்டா. பின்னாடி வந்து முதுகுல உள்ளங்கைய வெப்பா. சட்டை நனைஞ்சிருந்தா, "போ." நனையலன்னா, "இன்னும் உடம்பே வளையல போலயே, நில்லு." அதனால அவளுக்கு அங்க முதுகம்மான்னு பேரு. ஒரு காலத்துல சில பேரு குழாத்தண்ணிய முதுகுல தெளிச்சுக்கிட்டு ஏமாத்திருக்காங்க. அதுலேருந்து முதுகம்மா உள்ளங்கைய மோந்தும் பாப்பா. உப்பு வாசனை வந்தாத்தான் வேர்வை. இதுக்கு மேல ஒரு அதிகாரி கேவலமா இருக்க முடியுமான்னு தெரியல, ஆனா அவ மூக்கு மேல அவளுக்கு அம்புட்டுப் பெருமை.

சட்டை நனைஞ்சவளுக்குக் காத்து. நனையாதவளுக்கு நெருப்பு. அம்மாவுக்கு வேர்க்கவே வேர்க்காது. யோசிச்சுப் பாருங்க.

"வேர்வை நின்னதுலேருந்து அவ ஒரு தடவகூட வெளிய போகலடி"ன்னா மடிப்பு அக்கா. "இன்னிக்கு மூஞ்சி செவசெவன்னு இருந்துச்சு. நான்தான் மனசு கேக்காம அவ முதுகுல தண்ணியத் தெளிச்சேன். அந்தச் சனியன் மோந்து பாத்துட்டா. 'திருட்டு வேர்வையா? ரெண்டு பேருக்கும் இன்னிக்குப் பூரா வெளிய கெடையாது'ன்னுட்டா. உங்கம்மா, 'எனக்குக் கொதிக்குதுங்க'ன்னு சொன்னா. அதுக்கு அவ, 'ஓ, என்கிட்டயே கொதிக்கிறியா? எனக்குக் கொதிச்சா நீ தாங்க மாட்ட'ன்னா. அப்புறம் ஒரு ரெண்டு மணி நேரம் இருக்கும். நின்ன எடத்துலயே கண்டபடி பேச ஆரம்பிச்சா. வண்டில வரப்பூரா நான்தான் நெத்தில ஈரத்துணி போட்டு, காய காய நனைச்சு நனைச்சு வெச்சுக்கிட்டே வந்தேன்."

நர்ஸ் வந்தாங்க. ஓட்டமா ஓடிக்கிட்டிருந்தவங்க, பாவம்னுதான் சொல்லணும், ஒரு ஆளு இருபது பேரப் பாக்குறாங்க. ஈரத்துணிய எடுத்தாங்க, நெத்திக்கு நேரா அந்தத் துப்பாக்கி மாதிரி சூடு பாக்குற கருவியக் காட்டுனாங்க. டிக்குன்னுச்சு. "தொண்ணூத்தெட்டு. காய்ச்சல் இல்ல." எழுதிட்டாங்க. ஒரு மணி நேரமா நனைச்சு வெச்ச நெத்தி தொண்ணூத்தெட்டுதான் காட்டும், வேற என்ன காட்டும்? ஆனா அப்ப அது யாருக்கும் தோணல, மிளகுக்கும்தான்.

"ஏதாவது மாத்திரை சாப்புடுறாங்களா?"

மடிப்பு அக்கா கொண்டு வந்திருந்த அம்மாவோட பையிலேருந்து மிளகு ஆஸ்பத்திரி மாத்திரை நோட்ட எடுத்துக் குடுத்தா. நர்ஸ் ஒரு பக்கத்தப் புரட்டினாங்க.

"ஓ."

அந்த 'ஓ' இருக்கே. அத மிளகு செத்தாலும் மறக்க மாட்டா. அந்த ஒரே எழுத்துக்கு முன்னாடி வரைக்கும் தள்ளுவண்டில கெடந்தது ஒரு நோயாளி. அதுக்கப்புறம் ஒரு நோட்டு. யாரும் அம்மாவப் பாக்கல, நோட்டத்தான் பாத்தாங்க. மாடிக்குப் போன் போட்டாங்க. பேனா டாக்டரோட குரல் மிளகுக்கே கேட்டுச்சு. "கத்துறாங்களா? எப்பவும் போடுற ஊசியப் போட்டு மேல அனுப்பிடுங்க."

மிளகு அம்மாவோட தலைய நேராக்கலாம்னு கழுத்துக்கு அடில கைய விட்டா. விட்ட வேகத்துல எடுத்துட்டா. வெயில்ல நாள்பூரா நின்ன வண்டியோட சீட்டத் தொட்ட மாதிரி இருந்துச்சு. மறுபடி தொட்டா. அக்குள்ல தொட்டா. சூடு. ஒரு பொட்டு ஈரம் இல்ல.

அப்பத்தான். அந்த நிமிஷந்தான். கொதிக்குதுன்னா கொதிக்குதுன்னு அர்த்தம். வேற ஒரு அர்த்தமும் இல்ல. யார் மேலயும் இல்ல. அம்மா காலைல கெட்டில் மாதிரி கொதிச்சுக்கிட்டு நின்னு, தண்ணிய எடுத்துத் தலைல ஊத்திக்கிட்டு, வாயத் தொறந்து சொல்லியும் இருக்கா.

"சிஸ்டர்! எங்கம்மாவுக்குக் கழுத்து சுடுது!"

"அப்படித் திமிறிக்கிட்டிருந்தா சுடத்தாம்மா செய்யும்."

"திமிறினா வேர்க்காதா?"

"அதையேதான் நானும் சொல்றேன். காய்ச்சலா இருந்தா வேர்க்கும். பாரு, ஒண்ணுமே இல்ல." நர்ஸ் ஊசில மருந்த ஏத்த ஆரம்பிச்சாங்க.

"இன்னொரு தடவ சூடு பாருங்க. நெத்தில வேணாம். நெத்தில ஈரத்துணி இருந்துச்சு!"

"நீ கொஞ்சம் தள்ளி நிக்கிறியா?"

"பாத்துட்டுப் போடுங்க, போடுங்க, நான் வேணாம்னா சொல்றேன்? மூளைல சீக்கு இருக்கறவங்களுக்குக் காய்ச்சலே வராதா? உங்க நோட்டுல அப்படியா எழுதியிருக்கு?"

"செக்யூரிட்டி!"

மிளகு அம்மாவோட கை மேல அப்படியே குப்புறப் படுத்துட்டா. ரெண்டு கையாலயும் தள்ளுவண்டிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டா. இனிமே ஊசி போடணும்னா மிளகு முதுகுலதான் போடணும். அம்மா உடம்போட சூடு அவ யூனிபார்ம் வழியா வயித்துல ஏறுது. பயத்துல பல்லு கிட்டிக்கிச்சு, அவ என்னமோ பெரிய வீராங்கனைன்னு யாரும் நெனச்சுக்க வேணாம், அவ அழுதுக்கிட்டுத்தான் இருந்தா. "அம்மா நான் சும்மா சொன்னேன்மா, நான் சும்மா சொன்னேன்"னு வேற முணுமுணுத்துக்கிட்டிருந்தா.

பக்கத்துக் கட்டில்ல காய்ச்சல் பிள்ளைய மடில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த ஒரு தாய், பைக்குள்ள கைய விட்டுத் துழாவினா. "ஏய் பொண்ணு. இந்தா. என் பையனோடது." டிஜிட்டல் தெர்மாமீட்டர், நுனில பொம்மை முயல் காது. "அக்குள்ல வெய்யி. நல்லா அமுக்கிப் பிடி. சத்தம் வந்தா எடு."

மிளகு படுத்த வாக்குலயே அத அம்மாவோட அக்குள்ல சொருகினா. செக்யூரிட்டி அவ தோளப் பிடிச்சு இழுக்குறாரு. மடிப்பு அக்கா செக்யூரிட்டியோட சட்டையப் பிடிச்சு இழுக்குறா. "வயசுப் பொண்ணு மேல கைய வெக்கிறியே, உனக்கு அக்கா தங்கச்சி இல்லையாடா?" அவரு பயந்து கைய எடுத்தாரு. அந்த ஒரு நிமிஷம் போதும். பீப்புன்னுச்சு.

மிளகு பாத்தா. முயல் காது தெர்மாமீட்டர்ல அந்த நம்பர் பொய் மாதிரி இருந்துச்சு.

"நூத்தியஞ்சு புள்ளி எட்டு!" வார்டே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினா. "நூத்தியஞ்சு புள்ளி எட்டுங்க! வந்து பாருங்க யாராவது! நூத்தியஞ்சு புள்ளி எட்டு!"

அந்தக் கோடில யாருக்கோ தையல் போட்டுக்கிட்டிருந்த சின்ன டாக்டர், பயிற்சிக்கு வந்த பொண்ணு, மிளகுக்கு அக்கா வயசுதான் இருக்கும், அப்படியே தலையத் தூக்கினாங்க. கையுறையக் கழட்டிக்கிட்டே ஓடி வந்தாங்க. தெர்மாமீட்டரப் பாத்தாங்க. அம்மாவோட வயித்தத் தொட்டாங்க. அக்குள்ல விரல வெச்சு, விரலப் பாத்தாங்க. நோட்டப் புரட்டினாங்க. புரட்டினப்ப அவங்க மூஞ்சி மாறுச்சு.

"அந்த ஊசியக் கீழ வைங்க"ன்னாங்க. கத்தல. மெதுவாத்தான் சொன்னாங்க. நர்ஸ் ட்ரேல வெச்சுட்டாங்க.

அப்புறம் எல்லாம் ஒரே ஓட்டம். சட்டையக் கத்தரிச்சாங்க, தண்ணில நனைச்ச விரிப்ப மேல போட்டாங்க, ஃபேன் ரெண்டத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. ஐஸ் பை கழுத்துல, அக்குள்ல, தொடை இடுக்குல. கைல குளுக்கோஸ் மாதிரி ஒண்ணு ஏறுது. அந்த நர்ஸ்தான் எல்லாரையும் விட வேகமா ஓடினாங்க. மிளகு காய்ச்சல் மாத்திரை குடுங்களேன்னு கேட்டப்ப, "இது கிருமிக் காய்ச்சல் இல்லம்மா, அது இதுல வேலை செய்யாது"ன்னு சின்ன டாக்டர் தலையாட்டினாங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ சூடு பாத்து நம்பரச் சொன்னாங்க. நூத்தியஞ்சு. நூத்திநாலு. நூத்திநாலுலயே நின்னுச்சு, எறங்கவே மாட்டேன்னு நின்னுச்சு. அப்புறம் நூத்திமூணு.

நூத்திரெண்டுக்கு வந்தப்பதான் சின்ன டாக்டர் சுவத்துல சாஞ்சு நின்னாங்க. மிளகுகிட்ட சொன்னாங்க. "நம்ம உடம்பு சூடானா, வேர்க்கச் சொல்லி நரம்பு வழியா ஒரு செய்தி போகும். அந்த நரம்போட நுனில ஒரு ரசாயனம் சுரக்கும், அசிட்டைல்கோலின்னு பேரு. அது போய்த் தொட்டாத்தான் வேர்வை சுரப்பிக்கு விஷயமே தெரியும். நடுக்கத்துக்குக் குடுத்த வெள்ள மாத்திரை அதத்தான் தொட விடாமத் தடுக்கும். நடுக்கமும் நிக்கும், வேர்வையும் நிக்கும், வாயும் காயும்."

"அந்த இன்னொரு மாத்திரை?"

"அது டோபமின்னு வேற ஒரு ரசாயனத்தத் தடுக்கும். காதுல பேச்சு கேக்காம இருக்கறது அதனாலதான். ஆனா மூளைல நம்ம சூட்டப் பாத்துக்கற எடத்துலயும் அதுக்கு வேலை உண்டு. அதனால சூடு ஏறுறத உடம்பு சரியா சமாளிக்காது. ரெண்டும் சேந்து, நீராவி மெஷின் முன்னாடி நின்னு..." நிறுத்திட்டாங்க. "அந்த ஊசியும் அதே ரகம்தான்."

"அப்படின்னா நல்ல மருந்து இல்லையா அது?"

"நல்ல மருந்துதாம்மா. வெயில்ல, அனல்ல நிக்கக் கூடாது, வேர்வை நின்னா உடனே வரணும்னு சொல்லிக் குடுக்கணும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"காகிதக் கவர்ல போட்டு, சாப்பிட்டுட்டுப் போடுங்கன்னாங்க."

சின்ன டாக்டர் ஐஸ் பைய மாத்தி வெச்சாங்க. அப்புறம் கேட்டாங்க. "அம்மா உங்க யார்கிட்டயாவது சூடா இருக்குன்னு சொன்னாங்களா?"

"கொதிக்குதுன்னு சொன்னா. காலைல, என்கிட்ட."

"நீ என்ன பண்ணின?"

"எனக்குந்தான் கொதிக்குதுன்னு சொல்லிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டேன்."

அந்த டாக்டர் பரவால்லன்னு சொல்லல. உன் தப்பு இல்லன்னும் சொல்லல. சொல்லாததுக்கு மிளகு இன்னிக்கும் அவங்களுக்கு நன்றியா இருக்கா. பக்கத்துல வந்து நின்னாங்க, அவ்ளோதான்.

அம்மா ரெண்டு நாள் கழிச்சுக் கண்ணு தொறந்தா. இந்தத் தடவ அதுக்குள்ள அம்மா இருந்தா. ஒதடு வெடிச்சுப் போயிருந்துச்சு. "மிளகு. நோட்டு காஞ்சுதா?"ன்னா. மிளகு அப்ப அழுத அழுகைக்கு, பக்கத்துக் கட்டில்காரங்க யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சு எட்டிப் பாத்தாங்க.

நாலாவது நாள் பேனா டாக்டர் மாடிலேருந்து எறங்கி வந்தாரு. பின்னாடியே சின்ன டாக்டர், கைல ஃபைலோட. அவரு ஃபைல வாங்கித் தொறந்தாரு, பேனாவ எடுத்தாரு. மிளகுக்கு அந்தப் பேனாவப் பாத்ததும் பத்திக்கிட்டு வந்துச்சு.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே எங்கம்மா உங்ககிட்ட சொன்னா"ன்னு எடுத்த எடுப்புல ஆரம்பிச்சா. "நீங்க யார் மேலன்னு கேட்டீங்க. மாத்திரைய இன்னும் ஏத்தினீங்க."

"பாரும்மா, இந்த மாதிரி நோயாளிங்க சொல்றத அப்படியே எடுத்துக்க முடியாது. உவமையாப் பேசுவாங்க."

"உவமையா? எங்கம்மாவுக்கு என்ன செய்யுள் பாடமா நடத்தினீங்க?"

சின்ன டாக்டர் ஃபைல் அட்டையால வாய மறைச்சுக்கிட்டாங்க.

பேனா டாக்டருக்குக் காது செவந்துச்சு. "சரி. பிரச்சினையே வேணாம். ரெண்டு மாத்திரையும் நிறுத்திடறேன்."

கட்டில்ல அம்மாவோட கை போர்வையக் கெட்டியாப் பிடிச்சுது. அது மிளகுக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. நாலு வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்தோம்னு அம்மாவுக்குத் தெரியும். மிளகுக்கும் தெரியும், பன்னெண்டு வயசுல கட்டிலுக்கு அடில ஒளிஞ்சு பாத்திருக்கா. எப்படிப் பாருங்க, ஏத்தினதும் கேக்காம, எறக்குறதும் கேக்காம.

"இப்ப எப்படி இருக்காங்க?"ன்னாரு பேனா டாக்டர். மிளகுகிட்டதான் கேட்டாரு. "தூங்குறாங்களா? பேச்சு ஏதாவது கேக்குதா அவங்களுக்கு?"

மிளகுக்கு நாக்கு நுனில பதில் இருந்துச்சு. தூங்குறா, பேச்சு எதுவும் கேக்கல, ரெண்டு வாய் சாப்பிட்டா. எல்லாம் தெரியும். நாலு நாளா அவதான் எல்லார்கிட்டயும் கத்தினா, அம்மாவுக்கும் சேத்து. ஆனா இப்ப வாய மூடிக்கிட்டா. மூடிக்கிட்டு அம்மாவப் பாத்தா.

"என்னம்மா, கேக்குறேன்ல?"

மிளகு பேசல. சின்ன டாக்டரும் பேசல, அவங்களும் அம்மாவையே பாத்தாங்க. எங்கயோ ட்ரே உருளுற சத்தம். பேனா காகிதத்துக்கு மேல நின்னுக்கிட்டே இருந்துச்சு. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, வேற வழியில்லாம, அவரு தலையத் தூக்கினாரு. கட்டில்ல ஒரு பொம்பள உக்காந்திருந்தா. நாலு வருஷமா தன்கிட்ட வந்துக்கிட்டிருக்கறவளோட மூஞ்சிய அப்பத்தான் பாத்தாரு.

"நீங்க சொல்லுங்கம்மா"ன்னாரு.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க"ன்னா அம்மா. குரல் கரகரன்னு இருந்துச்சு, ஆனா நடுங்கல. "பேச்சு கேக்காம இருக்கற மாத்திரை எனக்கு வேணும். அது இல்லன்னா நான் நானா இருக்க மாட்டேன். பழையபடி எவ்ளோ குடுத்தீங்களோ அவ்ளோ குடுங்க. அந்த வெள்ள மாத்திரை வேணாம். கொஞ்சம் நடுங்கினா நடுங்கட்டும், டம்ளர ரெண்டு கையால பிடிச்சுக்கறேன். வேலை எடத்துக்கு ஒரு காகிதம் வேணும், என்ன உருளைலேருந்து மடிப்புக்கு மாத்தச் சொல்லி. இந்த மாத்திரை சாப்புடுற உடம்பு அனல்ல நிக்கக் கூடாதுன்னு அதுல இருக்கணும். எனக்குக் கிறுக்குன்னு இருக்கக் கூடாது."

பேனா ஓடுச்சு. நின்னுச்சு.

"படிங்க"ன்னா அம்மா.

பேனா டாக்டர் சின்ன டாக்டரப் பாத்தாரு. உதவி எதுவும் வரல. தொண்டையச் செருமிக்கிட்டுப் படிச்சாரு. "வெப்பத்தால் தமக்குப் பாதிப்பு ஏற்பட்டதாக நோயாளி கருதுகிறார்..."

"கருதல"ன்னா அம்மா. "நடந்துச்சு. அத அடிங்க."

அவரு அடிச்சாரு. கோடு இழுக்குற சத்தம் மிளகுக்குக் கேட்டுச்சு. அப்புறம் பேனாவத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, அம்மாவோட மூஞ்சியப் பாத்து, "அப்ப என்னன்னு எழுதட்டும்?"னு கேட்டாரு.

அம்மா கொஞ்சம் தள்ளி, தலைகாணில முதுகச் சாச்சுக்கிட்டு, முதல்லேருந்து சொல்ல ஆரம்பிச்சா.